சோடியம் வழியை அடைக்கும் மாத்திரை சாப்பிடுகிற பையனுக்கு உப்பைக் குறைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். இரண்டு முறை ஃபிட்ஸ் வந்துவிட்டது. இரண்டு தடவையும் முதலில் வலது கைக் கட்டைவிரல் துடித்தது, அப்புறம் கை முழுக்க, பிறகு வாய் வலது பக்கமாக இழுத்தது, கடைசியில் நினைவு தப்பி உடம்பே வெட்டி இழுத்தது. எம்ஆர்ஐ, இஇஜி இரண்டும் நார்மல். ஆனாலும் டாக்டர், "மூளையில கரண்ட் அதிகமாப் பாயுது, இந்த மாத்திரை சோடியம் போற வழியை அடைக்கும்" என்று கார்பமசெபின் எழுதிக் கொடுத்தார். சோடியம் என்றால் உப்புதானே என்று என் மாமியார் ஆறு வாரமாக அவனுக்கு உப்பில்லாமல்தான் போடச் சொல்கிறார். இப்போது அவன் எந்நேரமும் அசதியாக இருக்கிறான், தலை வலிக்கிறது என்கிறான். மொபைல், மிக்ஸி பக்கமே விடாதே என்கிறார்கள் உறவினர்கள். அவனோ, "என் மூளைக்கு எங்கேயிருந்தும்மா கரண்ட் வருது?" என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சமையலறை விஷயத்தை முடித்துவிடுவோம். இன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே வீட்டில் மற்றவர்களுக்குப் போடுகிற அளவு உப்பைத் தம்பிக்கும் போடுங்கள். நாளைக்கே ரத்தத்தில் சோடியம் அளவைப் பார்த்துவிடுங்கள். எந்த லேபிலும் செய்யக்கூடிய சாதாரண டெஸ்ட்தான். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருந்தால் சரி. கார்பமசெபின் சாப்பிடுகிற சிலருக்கு இந்த அளவு இறங்கும். அந்த மாத்திரை சிறுநீரகத்தைத் தண்ணீரை வெளியேற்றவிடாமல் பிடித்துவைக்கச் செய்யும். உடம்பில் தண்ணீர் கூடக்கூட ரத்தத்தில் இருக்கிற சோடியம் நீர்த்துப்போகும். அதோடு உப்பில்லாச் சாப்பாடும், உங்கள் ஊர் வெயிலில் கொட்டுகிற வேர்வையும், அடிக்கடி குடிக்கிற தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அசதியும் தலைவலியும் அதனால் இருக்கலாம். மாத்திரையின் நேரடி விளைவாகவும் இருக்கலாம். டெஸ்ட் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கிடையில் வாந்தி, உளறல், எழுப்பினாலும் எழாத தூக்கம் என்று ஏதாவது தெரிந்தால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வரலாம்.

சரி, இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் உப்புக் குழப்பமும் தானாகத் தீர்ந்துவிடும்.

மூளைக்குக் கரண்ட் வெளியிலிருந்து வருவதில்லை. சாப்பிட்ட சோற்றிலிருந்துதான் வருகிறது. மூளைச் செல் ஒவ்வொன்றையும், அதாவது நியூரானை, ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. தடிமன் சுமார் 5 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). அந்தச் சவ்வில் ஒரு புரத பம்பு இருக்கிறது. அது ஓயாமல் மூன்று சோடியம் அயனிகளை, அதாவது மின்னூட்டம் உள்ள அணுக்களை, வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1957-இல் இதைக் கண்டுபிடித்தார். 40 வருஷம் கழித்து 1997-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த பம்பு ஓடிக்கொண்டே இருப்பதால் சோடியம் செல்லுக்கு வெளியே பத்து மடங்குக்கும் மேல் அதிகமாக இருக்கிறது. பொட்டாசியமோ வெளியைவிட உள்ளே பல மடங்கு அதிகம். மடையை மூடி நிரப்பி வைத்த கண்மாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்தால் போதும், பாய்வதற்குத் தண்ணீர் தயாராக நிற்கிறது. மூளையின் எடை உடம்பில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போய்விடுகிறது. அதில் பெரும்பங்கு இந்த நிரப்பும் வேலைக்குத்தான்.

இத்தோடு இன்னொன்றும் நடக்கிறது. சவ்வில் பொட்டாசியம் கசிய மட்டும் சில சின்ன வழிகள் எப்போதும் திறந்தே இருக்கும். பாசிட்டிவ் மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசிவதால் உள்பக்கம் நெகட்டிவாகிறது. சும்மா இருக்கிற ஒரு நியூரானின் உள்ளே, வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. பென்சில் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது நிற்கிற தடிமன் 5 நானோமீட்டர் அல்லவா? ஒரு மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 14,000 வோல்ட் வரும்! தம்பி பிளஸ் ஒன்னில் இயற்பியல் படித்தால் இந்தக் கணக்கை அவனே போட்டுப் பார்க்கட்டும்.

இனி சிக்னல் எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்போம். ஒரு நியூரானோடு ஆயிரக்கணக்கான இணைப்புகள் வந்து சேர்கின்றன. சில இணைப்புகள் குளுட்டமேட் என்ற ரசாயனத்தை விடும். அது பட்ட இடத்தில் சோடியம் கொஞ்சம் உள்ளே வந்து மின்னழுத்தம் லேசாக மேலே ஏறும். சில இணைப்புகள் காபா என்பதை விடும். அதனால் குளோரைடு உள்ளே வந்து, ஏறுவதைப் பிடித்து இழுக்கும். ஒரு தடவை தட்டினால் பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட் கூட ஏறாது. வருகிற வழியிலேயே அதிலும் பாதி தேய்ந்து போய்விடும். இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் ஒன்றுசேர்கிற இடம் செல்லின் நடு உடம்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவல்ல. செல்லிலிருந்து ஆக்சான் என்ற நீளமான இழை கிளம்புகிற முதல் சில பத்து மைக்ரோமீட்டர் துண்டுதான் அந்த இடம். சோடியத்துக்கான கதவுகள் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன; அதிலும் சீக்கிரம் திறக்கிற ரகம் அங்கேதான் அதிகம். அந்தத் துண்டில் மின்னழுத்தம் மைனஸ் 70-லிருந்து ஏறி மைனஸ் 55 பக்கம் வந்தால் கதவுகள் திறக்க ஆரம்பிக்கும். உள்ளே வருகிற சோடியம் மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றும். அதனால் இன்னும் கதவுகள் திறக்கும். ஒரு மில்லிவினாடிக்குள் மின்னழுத்தம் பிளஸ் 30-க்கு மேல் போய்விடும். பாதிச் சிக்னல், கால் சிக்னல் என்று எதுவும் கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் இல்லவே இல்லை.

ஏறிய வேகத்திலேயே இறங்கவும் வேண்டுமே! சோடியம் கதவு திறந்து ஒரு மில்லிவினாடி ஆவதற்குள் உள்பக்கமிருந்து ஒரு அடைப்பு வந்து அதை மூடிக்கொள்கிறது. இந்த அடைப்பு நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வேலை செய்கிற இடம் இதுதான். இது சாதாரணமாக மூடியிருக்கிற நிலை அல்ல. எவ்வளவு தட்டினாலும் திறக்காத மூன்றாவது நிலை. மின்னழுத்தம் பழையபடி இறங்கி, கொஞ்ச நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் கதவு மறுபடி திறக்கத் தயாராகும். அதற்குள் பொட்டாசியம் கதவுகள் திறந்து, பொட்டாசியம் வெளியே போய், எல்லாம் மைனஸ் 70-க்குத் திரும்பிவிடும். ஒரு தடவை இப்படி நடக்கும்போது இடம் மாறுகிற அயனிகள் ரொம்பச் சொற்பம். செல்லுக்கு உள்ளும் வெளியும் இருக்கிற சோடியம் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

பரவுவதும் இதே வேலைதான். ஓரிடத்தில் நுழைந்த சோடியம் பக்கத்துத் துண்டின் மின்னழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. அங்கே கதவுகள் திறக்கின்றன. அதற்கடுத்த துண்டில் திறக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் சிக்னல் புதிதாகவே பிறப்பதால், ஆக்சான் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது தேய்வதில்லை. பின்னால் திரும்பாமலிருக்கக் காரணம், கடந்து வந்த கதவுகள் அடைப்பு நிலையில் இருப்பதுதான். வீட்டு ஒயரில் கரண்ட் போகிற கதையே வேறு. அது ஒளி வேகத்துக்குப் பக்கத்தில் போகும். உறையில்லாத மெல்லிய ஆக்சானில் சிக்னல் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். கொழுப்பு உறை சுற்றிய தடிமனான ஆக்சானில், உறையின் இடைவெளிகளில் மட்டும் கதவுகள் திறப்பதால் 100 மீட்டருக்கு மேல்கூடப் போகும். அப்படியும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் ஆமை வேகம்தான். ஆகவே மிக்ஸியின் 230 வோல்ட்டுக்கும் தம்பியின் மூளைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவன் மொபைல் பார்க்கலாம், மிக்ஸியும் ஓட்டலாம். மின்னி மின்னி அடிக்கிற வெளிச்சத்தில் வலிப்பு வருகிற ஒரு வகை உண்டு, ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளங்கள் அந்த வகைக்குரியவை அல்ல.

உங்கள் மாமியாரின் யோசனைக்கு வருகிறேன். அதைக் கேட்டுச் சிரிக்க மாட்டேன். இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் செய்து பார்த்தது ஏறக்குறைய இதைத்தான். கணவாய் மீனில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனான ஆக்சான் ஒன்று உண்டு. அதை எடுத்து, சுற்றியிருக்கிற கடல்நீரில் சோடியத்தைப் பாதியாகவும் மூன்றில் ஒரு பங்காகவும் குறைத்துப் பார்த்தார்கள். சோடியம் குறையக் குறைய சிக்னலின் உயரமும் குறைந்தது. 1949-இல் வெளிவந்த இந்த வேலைதான், சிக்னலைக் கிளப்புவது சோடியம் என்பதை உறுதியாகக் காட்டியது. ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952-இல் இது முழுவதையும் சமன்பாடுகளாக எழுதினார்கள். அந்தக் கணக்குகளை ஹக்ஸ்லி கையால் சுற்றுகிற கணக்குப்பொறியில் போட்டார். 1963-இல் நோபல் கிடைத்தது.

அப்படியானால் பாட்டி சொன்னது சரிதானே என்று தம்பி கேட்பான். கணவாயின் நரம்பைக் கிண்ணத்தில் வைத்துப் பாதி உப்பை எடுக்கலாம், மனிதனிடம் எடுக்க முடியாது. ரத்த சோடியம் 140-லிருந்து 120-க்கு இறங்கினாலே, அதிலும் வேகமாக இறங்கினால், ஆள் படுக்கையில் விழுந்துவிடுவார். வெளியே உப்பு குறைந்ததும் தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. சிக்னலின் உயரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவதற்கு எவ்வளவோ முன்பே வலிப்பு வந்துவிடும். எதைத் தடுக்க உப்பை நிறுத்தினாரோ அதே வலிப்பு! மாத்திரை அடைப்பது கதவை. வெளியே நிற்கிற சோடியத்தின் அளவில் அதற்கு அக்கறை இல்லை. பெரியவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

கதவை அடைத்தால் மூளையே மந்தமாகிவிடாதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பெரும்பாலான பெற்றோர்களின் மனசில் அது உறுத்திக்கொண்டிருக்கும். நான் முன்னே சொன்ன மூன்றாவது நிலை இங்கேதான் உதவுகிறது. கார்பமசெபின் அந்த அடைப்பு நிலையில் இருக்கிற கதவில்தான் இறுக்கமாக ஒட்டும். நிதானமாக, வினாடிக்குச் சில தடவை சிக்னல் அனுப்புகிற நியூரானில் கதவுகள் அந்த நிலையில் கொஞ்ச நேரம்தான் இருக்கும்; மாத்திரைக்கு ஒட்ட அவகாசம் கிடைக்காது. வலிப்பின்போது நியூரான்கள் விடாமல் படபடவென்று சிக்னல் அனுப்பும். கதவுகள் திரும்பத் திரும்ப அந்த நிலைக்குப் போகும். மாத்திரை போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த சிக்னல்கள் கிளம்பாமல் நின்றுவிடும். பாடம் படிக்கிற செல்லை விட்டுவிட்டு, வெறிபிடித்து ஓடுகிற செல்லைப் பிடிப்பது இதனால்தான். ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் என்ற வேறு இரண்டு வலிப்பு மாத்திரைகளும் ஏறக்குறைய இதே வழிதான். பல் பிடுங்கும்போது போடுகிற லிக்னோகெயின் ஊசியும் நரம்பில் இதே குடும்பத்துக் கதவைத்தான் அடைக்கிறது.

ஆனால் இந்த ரக மாத்திரை எல்லா வலிப்புக்கும் ஆகாது. காலையில் எழுந்ததும் கை திடுக் திடுக்கென்று உதறுகிற ஒரு வகை வலிப்பு, பதின்வயதுப் பிள்ளைகளிடம் சாதாரணமாகப் பார்ப்பது. அதற்கு கார்பமசெபின் கொடுத்தால் கூடிவிடலாம். பிறவியிலேயே ஒரு சோடியம் கதவின் மரபணு பழுதாக இருக்கிற டிராவெட் என்ற குழந்தை நோயிலும் அப்படித்தான். அங்கே பலவீனமானவை காபா விட்டு மற்றவர்களை அடக்குகிற நியூரான்கள். அவற்றை இன்னும் அடைத்தால் என்ன ஆகும்? அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை சாப்பிடுகிற வலிப்பு மாத்திரையை யார் சொன்னாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி. கட்டைவிரல், அப்புறம் கை, அப்புறம் வாய் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மூளையின் இடதுபக்க மேற்பரப்பில் வலது உடம்பை அசைக்கிற ஒரு பட்டை இருக்கிறது. அதில் கட்டைவிரலுக்கான இடமும் முகத்துக்கான இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில மருத்துவர், ஸ்கேனும் இல்லாமல் இஇஜியும் இல்லாமல், வலிப்பு இப்படி நகர்ந்து போவதைப் பார்த்தே மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்க வேண்டும் என்று ஊகித்தார். உங்கள் மகனுக்கு வலிப்பு தொடங்குவது இடது மூளையில் கட்டைவிரல் இடத்துக்குப் பக்கத்தில்தான். கார்பமசெபினை உங்கள் டாக்டர் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். ஓரிடத்தில் தொடங்குகிற வலிப்புக்கு அது பொருத்தமான மாத்திரை.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஒரு ஆக்சான் வழியாகக் கட்டைவிரல் இடத்திலிருந்து முகத்தின் இடத்துக்குப் போக ஒரு சிக்னலுக்குச் சில மில்லிவினாடி போதும். ஆனால் துடிப்பு கையிலிருந்து வாய்க்கு வர நீங்கள் பார்த்து நினைவில் வைக்கிற அளவுக்குப் பல வினாடிகள் ஆகின்றன. ஏன்? வழி நெடுக காபா விடுகிற நியூரான்கள் மறித்துக்கொண்டு நிற்கின்றன. வலிப்பு அவற்றைத் துண்டு துண்டாக முறித்துக்கொண்டுதான் முன்னேற முடியும், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக. இரண்டு பக்க மூளையையும் இணைக்கிற நரம்புக் கற்றை வழியாக அது மறுபக்கமும் போன பிறகுதான் நினைவு தப்பி உடம்பு முழுக்க இழுக்கிறது.

இஇஜி நார்மல் என்பதைப் பற்றி ஒன்று. ஹான்ஸ் பெர்கர் 1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் முதன்முதலில் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அன்றும் சரி, இன்றும் சரி, அந்தக் கருவி தலைத்தோலுக்கு வெளியே நின்றுதான் கேட்கிறது. தனி நியூரானின் சிக்னல் அதற்குக் கேட்காது. பல சதுர சென்டிமீட்டர் பரப்பில் இருக்கிற நியூரான்களின் இணைப்புகளில் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிற மின்னழுத்தம் எலும்பைத் தாண்டி வந்தால்தான் சில பத்து மைக்ரோவோல்ட் கோடாக விழும். அதுவும் அரைமணி நேரப் பதிவு. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இஇஜி நார்மலாகத்தான் வரும். நீங்கள் கண்ணால் பார்த்து எழுதியதே நோயைச் சொல்லிவிட்டது. தேவைப்பட்டால் ராத்திரி தூங்கவிடாமல் வைத்து, காலையில் தூங்கும்போது ஒரு இஇஜி எடுப்பார்கள். மறுக்காதீர்கள்.

மறுபடி வந்தால் என்ன செய்வது? ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி மடித்து வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், துணி எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதும் வேண்டாம். இதை நம்மூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லா இடத்திலும் செய்கிறார்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நிற்கும்; ஓடிக் களைத்த செல்களிலிருந்து வெளியாகிற அடினோசின் போன்றவை அதை அடக்கிவிடுகின்றன. சாவி தேடி எடுத்து வருவதற்கும் அந்த நேரம் சரியாக இருக்கும், பேர் சாவிக்குப் போய்விடுகிறது. ஐந்து நிமிஷம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தால், உடனே ஆம்புலன்ஸ்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. கார்பமசெபின் ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் காய்ச்சலோடு தோல் சிவந்து தடித்தாலோ, வாயில் புண் வந்தாலோ, கண் சிவந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சிலருக்கு, குறிப்பாக ஆசிய நாட்டவர்களிடம் இருக்கிற ஒரு மரபணு வகை காரணமாக, அது ஆபத்தான அலர்ஜியாக மாறும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, இது ஒன்றுதான் விதிவிலக்கு: அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்த தடவை போகும்போது சோடியம் ரிசல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். தம்பிக்குத் தலைசுற்றல், ஒன்று இரண்டாகத் தெரிவது போல ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டக் குறைக்க அது டாக்டருக்கு வேண்டும். வலிப்பு வந்தால் வீட்டில் யாராவது மொபைலில் ஒரு வீடியோ எடுக்கட்டும், முக்கியமாகத் தொடக்கத்தை. பரீட்சை சமயத்தில் விடிய விடியக் கண்விழிப்பது கூடாது, தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். வலிப்பு கட்டுக்குள் வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை கிணற்றிலோ கண்மாயிலோ தனியாகக் குளிக்க விடாதீர்கள். பைக் சாவியும் அதுவரை உங்களிடமே இருக்கட்டும்.